உயிர் காக்கும் அறையில் உள்ளம் படும் பாடு

நோய் என்பது உடலை மட்டும் பற்றுவதன்று. உடலோடு உறையும் உள்ளத்தையும் அது பற்றி வருத்தும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காகப் பகுத்து, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என முறைப்படுத்தி வைத்தனர். நான்கனுள் முதலிடம் நோயுற்றவனுக்கே அளிக்கப்பட்டிருத்தலும், அருகிருப்போனும் விடுபடாது எண்ணப்பட்டிருத்தலும் நோக்கற்பாலன. இக்காலத்து மருத்துவம் வியத்தகு கருவிகளைப் பெற்றுச் சாவின் வாயிலினின்றும் மக்களை மீட்கின்றது. அம்மீட்புப்பணி நிகழும் இடமே தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே உயிர் காக்கப்படுங்கால் நோயாளர் உள்ளம் எவ்வெவற்றால் நலிகின்றது, அந்நலிவைத் தணிக்கும் வழிகள் யாவை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்பத்தூரில் இருந்துகொண்டு இப்பொருளை எண்ணுதல் மிகவும் பொருத்தமுடைத்து. இவ்வூரில் 1921ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய சவரிராயன் ஜேசுதாசன் அவர்களும், ஸ்காட்லாந்தினராகிய எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் அவர்களும் இருவருமே வைத்தியர்கள். ஆயினும் அவர்கள் வைத்தியப் பட்டங்களால் அழைக்கப்படாது, பெரியண்ணன் என்றும் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டு வந்தனர். மருந்து கொடுப்போரை உடன்பிறந்தாராகக் கருத இடந்தந்த இம்முறைமையுள், நாம் ஈண்டு ஆராயவிருக்கும் பொருளின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது என்னலாம்.

பிரிவு தோன்றிய வரலாறு

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாத நோய் பெருவாரியாகப் பரவிற்று. மூச்சுவிடுதற்குரிய தசைகள் செயலற்றுப்போகவே நோயாளர் பலர் மடிந்தனர். அப்போது மயக்கமருந்து வல்லுநராகிய பியோர்ன் இப்சன் என்பார், நோயாளரின் தொண்டையில் துளையிட்டுக் குழல் செலுத்தி, ரப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றூட்டும் முறையைக் கையாண்டார். அம்முறை பலன் தந்தது. ஆயின், அத்தனை நோயாளர்க்கும் காற்றூட்டப் போதிய கருவிகள் அக்காலத்தில் இல்லை; கைகளே வேண்டியிருந்தன. மருத்துவக் கலாசாலை மாணவர் சுமார் 1500 பேர் முறைவைத்து, இரவும் பகலும் கட்டிலருகே அமர்ந்து, பல வாரங்கள் அப்பைகளை அழுத்தி உயிர் காத்தனர். மறு ஆண்டாகிய 1953இல் இப்சன், இடையறாக் கண்காணிப்பு வேண்டும் நோயாளர்க்கெனத் தனிப் பிரிவொன்றைக் கோபன்ஹேகன் மருத்துவமனை ஒன்றில் நிறுவினார். உலகெங்கும் இன்று காணப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அஃதொரு முன்மாதிரி ஆயிற்று.

மாணவ நண்பர்காள்! இவ்வரலாற்றில் நமக்குரிய பாடமொன்று உளது. முதன்முதலில் நோயாளர்க்கு மூச்சளித்தது ஒரு மாணவனின் கை. அவன் கை பையை அழுத்த, அவன் கண் நோயாளரின் முகத்தை நோக்கியிருந்தது. பின்னர் வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவி அக்கையின் வேலையை ஏற்றுக்கொண்டது. அது பெரும் நன்மையே. ஆயினும், கை விடுபட்டபோதே கண்ணும் முகத்தை விட்டு நீங்கிக் கருவியின் திரைமேற் சென்றது. நோயாளர் உள்ளத்துயர் பலவற்றிற்கு மூலம் இம்மாற்றமே.

1981ஆம் ஆண்டில் பல்லார்டு என்னும் அமெரிக்கச் செவிலியர் ஆராய்ச்சியாளர், அறுவைச் சிகிச்சைக்குப்பின் இப்பிரிவில் இருந்தோர்க்கு மன அழுத்தந் தந்தவை யாவையென அவர்களிடமே வினவித் தொகுத்தார். 1989இல் காக்ரன், கானாங் என்னும் இருவர் அப்பட்டியலைத் திருத்தி விரித்து, நோயாளர், செவிலியர் ஆகிய இருசாராரிடமும் வினவினர். அவ்வாறே பல நாடுகளில் ஆராய்ச்சிகள் தொடர்ந்தன. வலி, மூக்கிலும் வாயிலும் குழல்கள் இருத்தல், தாகம், உறக்கமின்மை, குழல்களாற் பிணிப்புண்டு அசையமாட்டாமை, குடும்பத்தாரைக் காணாமை என்பன மீண்டும் மீண்டும் முன்னிற்கக் காண்கின்றோம். மற்றொன்றும் அறியப்பட்டது: நோயாளர் பெரிதெனக் கூறுவனவும், செவிலியர் பெரிதென ஊகிப்பனவும் எப்போதும் ஒத்திருக்கவில்லை. அன்பு மிக்க பணியாளரும் பிறர் துன்பத்தைக் கேளாது அளத்தல் அரிது என்பது இதனாற் பெறப்படும்.

உடல்வழி வருந் துன்பங்கள்

இவற்றை விளங்கக் காணும்பொருட்டு ஒருவரைக் கற்பனையாக எண்ணிக்கொள்வோம். நம் ஊர்க்கருகிலுள்ள சவ்வாது மலையில், புதூர்நாட்டைச் சேர்ந்த முதியவர் ஒருவர். சாமை விதைத்து வாழ்பவர். தம் மலையை விட்டு அதிகம் இறங்காதவர். நுரையீரல் அழற்சி கண்டு மூச்சுத் திணறவே, அவரை மக்கள் கீழே இறக்கித் திருப்பத்தூர் கொணர்ந்தனர். அங்கிருந்து ஆம்புலன்சில் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் கொண்டுசென்று பெரிய மருத்துவமனையொன்றிற் சேர்த்தனர். அவர் கண்விழிக்கும்போது தொண்டையிற் குழல், மூக்கிற் குழல், கையில் ஊசி, மார்பிற் கம்பிகள், சிறுநீர் செல்லவும் ஒரு குழல். இவை ஏன் என்பதை அவர் அறியார்.

வலியே முதல் துன்பம். நோயினால் வரும் வலி ஒருபுறமிருக்க, சிகிச்சையாலும் வலி உண்டு. குழலினூடே சளியை உறிஞ்சியெடுக்கும்போதும், படுக்கைப்புண் வாராதிருக்கப் புரட்டிக் கிடத்தும்போதும் அவர் வருந்துவர். பேசவியலாதவரின் வலியை எங்ஙனம் அறிவது? முகஞ் சுளித்தல், கைகளை மடக்கி இறுக்குதல், சுவாசக் கருவியோடு ஒத்துப்போகாது திணறுதல் என்னும் மூன்று குறிகளைக் கொண்டு வலியை அளவிடும் முறை 2001ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருக்கின்றது. குறியை நோக்குவோர்க்கே வலி புலப்படும் என்க.

அடுத்தது தாகம். தொண்டையிற் குழல் இருக்கையில் நீர் பருகினால் அது நுரையீரலுட் புகும் என்னும் அச்சத்தால் நீர் மறுக்கப்படுகின்றது. ஊசிவழியே உடலுக்கு வேண்டும் நீர் செல்லினும், திறந்தே கிடக்கும் வாய் உலர்ந்து வெடிக்கும். குளிர்ந்த தூயநீரை வாயிற் சிறிது தெளித்தல், நனைந்த பஞ்சால் நாவைத் துடைத்தல், உதட்டிற்கு ஈரப்பசை தடவுதல் ஆகிய எளிய மூன்று செயல்களாலேயே தாகம் குறைகின்றது என 2014இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. பெரும்பொருட் செலவின்றிச் செய்யத்தக்க இவ்வுதவி பல வேளைகளில் மறக்கப்படுகின்றது.

நோயாளர் அறியாது குழலைப் பிடுங்கிவிடாதபடி சிலருடைய கைகளைக் கட்டிலோடு பிணித்து வைப்பதுண்டு. காவலின்பொருட்டுச் செய்யப்படும் இது, காரணம் அறியாத நோயாளர்க்குச் சிறையெனத் தோன்றுவதில் வியப்பில்லை.

நாவடங்கிய நிலை

வாய்வழிச் செலுத்தப்படும் சுவாசக்குழல் குரல்நாண்களின் ஊடே செல்கின்றது. ஆகவே, அக்குழல் இருக்குமளவும் குரல் எழாது. இதனை முன்னரே கூறாவிடின், விழித்தெழும் நோயாளர், தாம் ஊமையாகிவிட்டதாகவே அஞ்சுவர். எனக்கு வலிக்கிறது, என் மகன் எங்கே, நான் பிழைப்பேனா என்னும் வினாக்கள் நெஞ்சுள்ளே நின்று வெதும்பும். வினவவியலாத அச்சம் வினவப்பட்ட அச்சத்தினும் கொடிது.

இதற்கு மாற்று உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தோர்க்கு எழுத்துப் பலகை உதவும். எழுத்தறியாத மலைவாழ் முதியவர்க்கு நீர், வலி, குளிர், மகன், மனைவி என்பவற்றின் படங்கள் வரைந்த அட்டை உதவும். அதுவும் இயலாதபோது, ஆம் எனில் ஒருமுறையும், இல்லை எனில் இருமுறையும் கண்ணிமைக்கச் சொல்லலாம். ஒரே வேளையில் ஒரே வினாவை வினவி, விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். காத்திருத்தலே இதனுள் அரியது.

ஒலியும் ஒளியும்

நம் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்திருத்தலை யாவரும் அறிவர். 1986ஆம் ஆண்டில் அங்கே 93 அங்குலக் கண்ணாடி கொண்ட பெருந்தொலைநோக்கி இயங்கத் தொடங்கிற்று. நகரங்களின் ஒளி தீண்டாத இருள் அங்கிருந்தமையே அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குரிய காரணங்களுள் ஒன்று. அத்தகைய இருளிலும் அமைதியிலும் உறங்கிப் பழகிய ஒருவர், அணையா விளக்கின்கீழ் இரவெல்லாம் கிடப்பதை எண்ணிப் பாருங்கள்.

மருத்துவமனை அறைகளில் இரவில் ஒலியளவு 30 டெசிபெல் அளவைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1999இல் அறிவுறுத்திற்று. ஆயின், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அளந்தறிந்தோர் 50 டெசிபெல்லுக்கு மேலாகவே பெரும்பாலும் கண்டனர். கருவிகளின் எச்சரிக்கை ஒலி, தொலைபேசி மணி, தட்டுக்கள் வீழும் ஓசை, பணியாளர் உரையாடல் யாவும் இதனுட் சேரும். எச்சரிக்கை ஒலிகளுட் பல, உண்மையான ஆபத்தைக் குறிப்பனவல்ல. கம்பி நழுவினும் கை அசையினும் கருவி கூவும். செவிலியர்க்கு இது தெரியும், நோயாளர்க்குத் தெரியாது. ஒவ்வொரு கூவலும் தம் உயிர் பிரிகின்றதெனும் அறிவிப்பாகவே அவர் செவியிற் படும்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட செவிலியர் பணி பற்றிய நூலில், ஓசைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். உரத்த ஓசையினும், நோயாளர் செவியிற் பாதி விழும்படி அருகில் நின்று தாழ்குரலிற் பேசுதல் தீங்கென அவர் எச்சரித்தார். தம்மைப்பற்றியே பேசுகின்றனர் என ஊகித்து, விளங்காத சொற்களை விளங்கிக்கொள்ள முயன்று நோயாளர் களைப்பர். நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் இவ்வெச்சரிக்கை பழையதாகவில்லை.

சாளரத்தின் பயனும் ஆராயப்பட்டுள்ளது. 1984இல் உல்ரிக் என்பார் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளரின் பதிவேடுகள் ஒப்பிடப்பட்டன. ஒருசாரார் கட்டிலிலிருந்து மரங்களைக் கண்டனர். மறுசாரார் செங்கற்சுவர் ஒன்றையே கண்டனர். மரங்களைக் கண்டோர் விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தன. இது பொது நோயாளர் பற்றியதாயினும், பகலையும் இரவையும் பிரித்துக் காட்டுஞ் சாளரம் கடுநோயாளர்க்கும் இன்றியமையாததென்பது இதனால் உய்த்துணரத்தக்கது.

மனமயக்கம்

உறக்கம் குலைந்து, நாளும் பொழுதும் மறந்த நோயாளரிடம் சிலவேளை புதியதொரு மாறுதல் தோன்றும். சுவரிற் பூச்சிகள் ஊர்வதாகக் காண்பர், மருந்தூட்ட வருவோரைக் கொலைஞரென அஞ்சுவர், மகனையே அறியார். இந்நிலையை மருத்துவர் டெலிரியம் என்பர். மனமயக்கம் எனத் தமிழிற் கூறலாம். சுவாசக் கருவியில் இருப்போருள் 100க்கு 80 பேர் வரையிற்கூட இஃது உண்டாவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

இதனைக் கண்ட உறவினர் சிலர் பேய் பிடித்ததென்பர்; சிலர் பித்தேறிற்றென்பர். இரண்டும் தவறு. இஃது மூளைக்கு நேர்ந்த ஒருவகைத் தளர்ச்சியே. நோய்க்கிருமித் தொற்று, உயிர்வளிக் குறைவு, சிலவகைத் தூக்கமருந்துகள், முதுமை முதலியன இதற்குக் காரணங்கள். உறக்கமின்மையும் இதனை மிகுவிக்கக்கூடும். கூச்சலிட்டுக் குழலைப் பிடுங்குவோரை யாவரும் காண்பர். ஆனால், வாய்திறவாது கூரையை வெறித்துக் கிடப்போரிடத்தும் இம்மயக்கம் உண்டு. அமைதியாக இருக்கின்றார் எனக் கருதி அவரைக் கவனியாது விடுவதே பெரும்பிழை. 2001இல் வகுக்கப்பட்ட எளிய சோதனை ஒன்று உண்டு: செவிலியர் எழுத்துக்கள் சிலவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல, குறித்த எழுத்து வரும்போது மட்டும் நோயாளர் அவர் கையை அழுத்துதல் வேண்டும். பேச்சின்றியே அவருடைய கவனத்தை இதனால் அளவிடலாம்.

தனிமையும் நாணமும்

உடல் நோய்க்கு மருந்துண்டு. தனிமைக்கு மனிதரே மருந்து. நம் நாட்டில் ஒருவர் நோயுற்றால் வீட்டார் மருத்துவமனையில் உடன் தங்கிக் கஞ்சி வார்த்துக் காலமுக்குதல் வழக்கம். வேலூரில் 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப்பணி வளர்ந்த காலமுழுதும் இவ்வழக்கமே நம் நாட்டு மருத்துவமனைகளின் இயல்பாயிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு ஒன்றே உறவினரை வெளியே நிறுத்துகின்றது. நோய்த்தொற்று வாராமற் காத்தற்கும், பணிக்கு இடையூறின்மைக்கும் கட்டுப்பாடு வேண்டுவதே. எனினும், கதவுக்கு அப்பால் வராந்தாவிற் பாய் விரித்துக் காத்திருக்கும் மனைவியை நோயாளர் காணார். தம்மைக் கைவிட்டுப் போயினர் என்றே எண்ணுவர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது இத்துன்பம் உச்சமுற்றது. முகமுழுதும் மறைத்த பணியாளரின் கண்களையன்றி வேறு மனித முகத்தைக் காணாமலே உயிர் துறந்தோர் உலகெங்கும் பலர்.

நாணமும் ஒரு துன்பம். பிறர்முன் ஆடை நெகிழாத முதியவரும் மூதாட்டியரும் அங்கே அறிமுகமில்லாதாரால் துடைக்கப்படுகின்றனர். திரையை இழுத்து மூடுதற்கு ஒரு கணமே செல்லும். அக்கணத்தை ஈயாமை அவர் மானத்தை ஈயாமையாகும். பொருட்கவலையோ சொல்லவேண்டுவதில்லை. மாட்டை விற்றார்களோ, நிலத்தை ஈடுவைத்தார்களோ என்னும் எண்ணம், பேசவியலாத நோயாளர் நெஞ்சை அரிக்கின்றது.

துயர் தணிக்கும் வழிகள்

வைத்தியர் செய்யத்தக்கன சில. தூக்கமருந்தை வேண்டுமளவினும் மிகக் கொடாமை, நாடோறும் நோயாளரை விழிப்பித்துப் பார்த்தல், இயன்ற விரைவில் எழுப்பி அமர்த்தி நடப்பித்தல் ஆகியவை நலம் பயக்கும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. இரவில் விளக்கைத் தாழ்த்துதல், ஒலியைக் குறைத்தல், செவியடைப்பும் கண்மறைப்பும் அளித்தல் ஆகியவற்றை 2018இல் வெளியான மருத்துவ நெறிமுறைகள் பரிந்துரைக்கின்றன.

செவிலியர் செய்யத்தக்கது, தொடுமுன் சொல்லுதல். "தாத்தா, இன்று செவ்வாய்க்கிழமை, நீங்கள் வேலூரில் இருக்கிறீர்கள், இப்பொழுது உங்களைப் புரட்டிப் படுக்கவைக்கப் போகிறோம், உங்கள் மகன் மாலையில் வருவார்" என்னும் நான்கு சொற்றொடர்களில் நாள், இடம், செயல், உறவு ஆகிய நான்கும் மீட்டளிக்கப்படுகின்றன. மயங்கிக் கிடப்போர்க்கும் செவி கேட்கக்கூடும் என்று கருதியே பேசுதல் வேண்டும். கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவோர்க்கு அவற்றை மறவாது அணிவித்தலும் மயக்கம் வாராமற் காக்கும்.

உறவினர் செய்யத்தக்கனவும் உள. உள்ளே செல்ல இசைவு கிடைத்த சிறுபொழுதை அழுகையிற் கழியாது, பெயர் சொல்லி அழைத்து, கையைப் பற்றி, வீட்டுச் செய்திகளைக் கூறுதல் நன்று. வழக்கும் கடனும் சொத்துப் பிரிவினையும் கட்டிலருகே பேசற்பாலன அல்ல. ஸ்காண்டிநேவிய நாடுகளில், நோயாளர்க்கென நாட்குறிப்பு ஒன்று எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. இன்று இது நிகழ்ந்தது, இன்னார் வந்தனர் எனச் செவிலியரும் உறவினரும் எழுதுவர். தேறியபின் நோயாளர் அதனைப் படித்து, தாம் இழந்த நாட்களை மீட்டுக்கொள்வர். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நிகழ்ந்து 2010இல் வெளியான ஆராய்ச்சி, இந்நாட்குறிப்புப் பெற்றோரிடம் அச்சநினைவு நோய் புதிதாகத் தோன்றுதல் குறைந்ததெனக் கண்டது.

வீடு திரும்பியபின்னும் துன்பம் முற்றும் நீங்கிவிடுவதில்லை. தசைத்தளர்ச்சி, மறதி, தீக்கனவு, காரணமற்ற அச்சம் ஆகியவை திங்கட்கணக்காக நிற்றல் உண்டு. 2010இல் அமெரிக்காவிற் கூடிய வல்லுநர், இவற்றைத் தொகுத்துத் 'தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்த்தொகுதி' எனப் பெயரிட்டனர். மலைக்குத் திரும்பிய நம் முதியவர், இரவில் அலறி எழுவாராயின், ஊரார் பூசாரியைத் தேடுமுன் இதனை அறிந்த ஒருவர் அருகிருத்தல் வேண்டும். நம் கலாசாலையிற் பயில்வோருள் புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு முதலிய மலையூர்களின் பிள்ளைகள் இருப்பின், அவ்வொருவர் நீங்களாகவே இருக்கலாம்.

முடிவுரை

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியிற் கள்வர்கையில் அகப்பட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய சமாரியன் கதையை நாம் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றோம். அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டியதையே பெரும்பாலும் நினைவுகூர்வோம். ஆயின், அவன் அவ்வளவில் நின்றானல்லன். சத்திரத்திற் கொண்டுபோய்ப் பராமரித்து, மறுநாளே புறப்பட்டான். காயத்திற்கு மருந்து, அவ்விரவிற்குத் துணை. இவ்விரண்டும் சேர்ந்ததே மருத்துவம்.

நம்முட் சிலர் வைத்தியராவர், சிலர் செவிலியராவர், கருவி இயக்குவோரும் கணக்கெழுதுவோரும் ஆவர் சிலர். ஆனால், நம்முள் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் அக்கதவுக்கு வெளியே காத்திருப்போம். அல்லது உள்ளே கிடப்போம். 1952இல் கோபன்ஹேகன் மாணவர்களிடம் கேட்கப்பட்டது கையின் உழைப்பு. அவ்வுழைப்பை இன்று கருவி செய்கின்றது. நம்மிடம் கேட்கப்படுவது அதனினும் எளிது: முகத்தை நோக்குதல், பெயர் சொல்லி அழைத்தல், உலர்ந்த உதட்டை நனைத்தல், விடைக்குக் காத்திருத்தல். இவற்றைக் கற்க நீண்ட படிப்பு வேண்டா. இன்றே நம் வீட்டு நோயாளரிடத்தில் தொடங்கிப் பழகுவோமாக.